நம்பர் விழாத புளி

ஒன்பதாம் நம்பர் மரத்துக்கு வரும்போதே பசை தீர்ந்துபோனது. பாண்டிச்செல்வி வாளியைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒட்டிக்கிடந்த மைதாவை விரலால் வழித்து மரத்தில் இழுவி, அதன்மேல் காக்கித்தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். வெள்ளைப் பட்டையும் அதன் நடுவில் கொழுகொழுவென்று சிவப்பில் எழுதியிருந்த ஒன்பதும் தாளுக்குள் மறைந்தன. நாலு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தாள் எது, மரப்பட்டை எது என்று தெரியவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மதினி, ஓடிப்போயி இன்னொரு வாளி காய்ச்சிக் கொண்டாங்க. இன்னும் பதினெட்டு மரம் கெடக்கு."

சொர்ணலட்சுமி பாண்டிச்செல்வியின் அண்ணன் பெண்டாட்டி. தாள்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவள், "பட்டாசுக் கம்பெனில கொழா சுத்தக் குடுத்த தாளைப் பூராம் மரத்துக்குச் சட்டை தச்சுப் போட்டாச்சு. போர்மேன் கேட்டா என்னத்தச் சொல்லுவ? எலி தின்னுருச்சும்பியா?" என்றாள். சொல்லிக்கொண்டே கட்டை இறக்கி வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடவும் செய்தாள். வாய் ஒரு பக்கம் போனாலும் கால் சொன்ன பக்கம் போகிற மனுஷி அவள்.

நேற்றுச் சாயங்காலம் கம்பெனி வேன் ஊர் எல்லையில் திரும்பும்போதுதான் அந்த நம்பர்களைப் பார்த்தார்கள். நல்லமுத்தன்பட்டியில் காலை ஏழு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைதான் வரவேண்டும். மற்ற நாளில் ஊரே ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தீபாவளி சீசன் என்றால் கேட்கவே வேண்டாம், உடம்பு சரியில்லை என்று படுக்கிற ஆள்கூட எழுந்து போய்விடும். அப்படி ஊர் காலியாகக் கிடந்த நேரத்தில் எவனோ வந்து, ரோட்டோரம் நிற்கிற புளிய மரம் அத்தனைக்கும் வெள்ளைப் பட்டை அடித்து, ஒன்று, இரண்டு என்று இருபத்தேழு வரைக்கும் நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். மரத்தில் நம்பர் போட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரிய ரோட்டை அகலப்படுத்தியபோது இதே வெள்ளைப் பட்டை, இதே சிவப்பு எழுத்து. ஒன்பதாம் நாள் ரம்பம் வந்தது. பத்தாம் நாள் ரோடு மொட்டைத்தலையாக நின்றது. போதாததற்கு, மேற்கே புதிதாக வரப்போகிற கம்பெனிக்கு லோடு லாரி போக வழி பத்தவில்லை என்று போன மாசந்தான் ரெண்டு பேர் டேப்பைப் பிடித்துக்கொண்டு இந்த ரோட்டை அளந்துவிட்டுப் போனார்கள். ரெண்டையும் ரெண்டையும் கூட்டினால் நாலு. அந்தக் கணக்குக்குப் படிப்பு வேண்டுமா என்ன?

நம்பர் இல்லாவிட்டால் எதை வெட்டுவான்? ஏலம் எடுத்தவன் நம்பரைப் பார்த்துத்தானே ரம்பத்தை வைப்பான்? அந்த யோசனை பாண்டிச்செல்விக்கு ராத்திரி இட்லிக்கு மாவு கரைக்கும்போது வந்தது. வந்ததும் மாவுச் சட்டியை அப்படியே வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். விடிய மூன்று நாழிகை இருக்கும்போதே மதினியும் அவளுமாகப் பசை காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லமுடியாத ஒரு துடிப்பு அவள் கையில் இருந்தது. சின்ன வயதில் தோட்டத்தில் மாங்காய் களவாண்டபோது இருந்த துடிப்பு.

பதினாறாம் மரத்துக்குத் தாளை ஒட்டிவிட்டு அடுத்த மரத்தடிக்கு வந்தவள் அப்படியே நின்றாள். அந்த மரத்தில் நம்பர் இல்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். வெள்ளைப் பட்டை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, ஒரு சொட்டுப் பெயின்ட் இல்லை. பதினேழு என்பது இதற்கும் அடுத்த மரத்தில் இருந்தது. இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஏ மதினி! இதுக்குப் போடல மதினி! எம்மரத்துக்கு நம்பரே போடல!" என்று கத்தினாள். ஊர் நாய்கள் எழுந்து குரைத்தன. பசை அப்பிய கையோடு மரத்தைக் கட்டிக்கொண்டு, "தப்பிச்சிட்டியே ஆத்தா, நீ தப்பிச்சிட்டியே" என்று அதன் மேல் கன்னத்தை வைத்துத் தேய்த்தாள்.

அந்த மரத்தை அவள் ‘எம்மரம்’ என்று சொல்வதை ஊரில் ஒருத்தரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். ரோட்டுக்கு மேற்கே மானாவாரிக் காடு, காட்டைத் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனி. ரோட்டுக்குக் கிழக்கே ஊர். ஊரின் முதல் கட்டடம் அங்கன்வாடி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்தக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூம் வெடித்தது. உள்ளே இருந்த நாலு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அந்த ரூமின் இரும்புக் கதவு தீயோடு பறந்து வந்தது. அங்கன்வாடியில் பதினோரு பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்று பாண்டிச்செல்வியின் மகள் மாரிசெல்வி, நாலு வயசு. கதவு நேரே அங்கே போயிருக்க வேண்டியது. இந்த மரம் வாங்கிக்கொண்டது. வேலை பார்த்த இடத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்த பாண்டிச்செல்வி பார்த்தபோது, மரத்தின் மேற்குப் பக்கம் இரண்டாகப் பிளந்து எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை பாதி தின்ற முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "எம்மா, மரம் வெடிக்கு" என்றது. அன்றையிலிருந்து மரத்தின் மேற்குப் பக்கம் கரிதான். கிழக்குப் பக்கம் மட்டும் வருஷம் தவறாமல் தழைத்துப் பூத்துக் காய்க்கிறது. அந்தக் காயை அவள் யாருக்கும் விற்பதில்லை. தெருவுக்கே பங்கு வைப்பாள்.

ஏழு மணிக்கு வேன் வந்து ஆரன் அடித்தது. பாண்டிச்செல்வியும் சொர்ணலட்சுமியும் இன்னும் ஐந்து பொம்பளைகளும் ஏறவில்லை. "சீசன் நேரத்துல ஏழு பேரு லீவா? போர்மேன் என்னைய உரிச்சு உப்பக்கண்டம் போட்டுருவாரு" என்று டிரைவர் கத்தினான். "எங்களுக்கும் சேத்து நீயே போயி சக்கரம் சுத்து ராசா" என்று ஒருத்தி வேனின் பின்பக்கத்தில் தட்டி அனுப்பி வைத்தாள். ஏழு பேரும் அரிவாள்மனை, விளக்குமாறு, உலக்கை என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு முதல் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ரம்பத்தோடு எவன் வந்தாலும் இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று பேச்சு. பேச்சு ஏற ஏற, கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி புளியோதரையே கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஒன்பதரை மணிக்கு ஒரு ஸ்கூட்டர்தான் வந்தது. ஓட்டி வந்தது வி.ஏ.ஓ. அருணாதேவி. காரியாபட்டிக்காரப் பிள்ளை, வேலைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. பின்னால் தலையாரி செல்லப்பாண்டி மடியில் பெயின்ட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அருணாதேவி வண்டியை நிறுத்தி மரங்களைப் பார்த்தாள். ஒரு மரத்தைப் பார்த்தாள், அடுத்த மரத்தைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நம்பரெல்லாம் எங்க?"

"எந்த நம்பரு?" என்று எழுந்தாள் பாண்டிச்செல்வி. "இங்கன நம்பரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மரத்துல எவன் கையை வச்சாலும் கை இருக்காது, சொல்லிட்டேன். நீங்க பொம்பளப்பிள்ளைன்னு மரியாதையாச் சொல்லுதேன்."

அருணாதேவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் அழப்போகிற முகம். "யக்கா, வெட்டுறதுக்கு யாருக்கா நம்பர் போட்டா? வெட்டக்கூடாதுன்னுல்ல போட்டுருக்கு! பாதுகாக்கப்பட்ட மரம்னு கலெக்டர் ஆபீஸ் பட்டியல்ல ஏத்தப்போறாங்க. பட்டியல்ல ஏறிருச்சுன்னா ஒரு கொப்பை ஒடிச்சாக்கூடக் கேஸு. பதினோரு மணிக்கு வனத்துறை ஆபீசர் வாராரு, மரத்துல இருக்குற நம்பரையும் என் பதிவேட்டையும் ஒத்துப் பாக்க. நம்பர் இருக்குற மரந்தான் பட்டியல்ல ஏறும். நம்பர் இல்லாதது ரோட்டை அகலப்படுத்துற ரோட்டுக்காரங்க பங்கு. முந்தாநாள் அளந்து, நேத்து நம்பர் போட்டுன்னு ரெண்டு நாளா வெயில்ல நின்னேங்க்கா நானு!"

சொர்ணலட்சுமியின் கையிலிருந்த உலக்கை மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றாள் ஒருத்தி.

"பஞ்சாயத்து ஆபீஸ் செவத்துல நோட்டீஸ் ஒட்டி பத்து நாளாச்சு" என்றார் செல்லப்பாண்டி. "நம்ம ஊருல நோட்டீஸைப் படிக்கிறது யாரு, ஆடுதான். அது நேத்தே தின்னுருச்சு."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஏழு பேருக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது. வெட்டமாட்டார்கள்! இருபத்தேழும் நிற்கும்! சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது ஒரு பக்கம் இருக்கட்டும், மரம் நிற்கப்போகிறதே! சொர்ணலட்சுமி குலவை போட்டாள். பாண்டிச்செல்வி அருணாதேவியின் இரண்டு கையையும் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். "நீ நல்லா இருப்ப தாயி, நூறு வருசம் இருப்ப" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தினாள். நம்பர் இருக்கிற மரம்தான் நிற்கும் என்றால்?

காலையில் கட்டிக்கொண்டு கொண்டாடினாளே, அந்த ஒரே ஒரு மரத்துக்குத்தான் நம்பர் இல்லை.

"யம்மா, பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவுல ஒரு மரம் நிக்கே. அதை ஏன் விட்டீக?"

"அது பட்ட மரம்லக்கா? மேக்குப் பக்கம் பூராக் கரிஞ்சு கெடக்கு. உயிரோட இருக்குற மரந்தான் பட்டியல்ல வரும். விசாரிக்கலாம்னா ஊருல ஒரு ஆளு இருந்தீகளா? ரெண்டு நாளும் அங்கன்வாடிகூடப் பூட்டிக் கெடந்துச்சு, கோழியும் நாயுந்தான் இருந்துச்சு."

"பட்ட மரம் காய்க்குமா? நிமிந்து பாத்தீகளா, மேல எம்புட்டுக் காயி தொங்குதுன்னு?" என்றாள் பாண்டிச்செல்வி. "அதுக்கும் ஒரு நம்பரைப் போடுங்கம்மா. இருவத்தெட்டுன்னு போடுங்க. எம்புள்ளையக் காப்பாத்திக் குடுத்த மரம்மா அது."

அருணாதேவி நோட்டைத் திறந்து காட்டினாள். இருபத்தேழாம் வரிக்குக் கீழே கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருந்தது. "இதோட நகலை நேத்தே மேல அனுப்பிட்டேங்க்கா. இப்ப நான் எழுதுனா பொய்யி, நீங்க எழுதுனா கிறுக்கலு. ஆபீசர் வரட்டும், அவரு மனசு வச்சாத்தான் உண்டு. அதுக்கு மொதல்ல இந்த இருவத்தேழையும் காப்பாத்துங்க. மணி பத்தாகப் போகுது."

அப்புறம் நடந்ததை நல்லமுத்தன்பட்டி ரொம்ப நாளைக்குச் சொல்லும். தாளை உரித்தால் வெறும் தாள் மட்டுமா வருகிறது? செல்லப்பாண்டி பெயின்டில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்ததால் காயாத நம்பரும் சேர்ந்து உரிந்து வந்தது. இருபத்தேழு மரத்துக்கும் புதிதாகப் பட்டை அடித்து, புதிதாக எழுத வேண்டும். கையில் இருப்பது ஒரு மணி நேரம். ஆனால் அந்த ஏழு பேரும் யார்? ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் குழாய் என்று சுற்றுகிற கைகள். சொர்ணலட்சுமி ஒரு சத்தம் போட்டாள், கம்பெனியில் உட்காருகிற மாதிரியே வரிசை பிரிந்துவிட்டது. ஒருத்தி தாளைக் கிழித்துக்கொண்டே முன்னால் ஓடினாள். அடுத்தவள் ஈரச்சாக்கால் துடைத்தாள். இரண்டு பேர் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டை அடித்தார்கள். இரண்டு பேர் முந்தானையால் விசிறிக் காய வைத்தார்கள். கடைசியில் சொர்ணலட்சுமி. பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு மார்க் எழுதி எழுதிப் பழகிய கை அவளுக்கு. செல்லப்பாண்டி பெயின்ட் டப்பாவைப் பிடிக்க, ஒரே இழுப்பில் நம்பர் விழுந்தது. "எங்கைய விட ஓங்கை நல்லாருக்கே தாயி" என்று அவர் வாயைத் திறந்தபோது, "பேசாம டப்பாவைப் பிடிங்க மாமா, ரெண்டு போட ஒம்போது வந்துரும்" என்று ஒரு அதட்டு.

பாண்டிச்செல்விதான் தாள் கிழித்தவள். நகம் பெயர்ந்ததுகூடத் தெரியாமல் கிழித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு மரத்திலும், ‘இது நிற்கும், இது நிற்கும்’ என்று நெஞ்சு துள்ளியது. பதினாறுக்கு அப்புறம் அவளுடைய மரத்தை நிமிர்ந்து பார்க்காமல் தாண்டி ஓடினாள். பார்த்தால் கை நின்றுவிடும்.

இருபத்தேழின் கடைசிக் கோடு விழும்போது பெரிய ரோட்டுப் பக்கம் புழுதி எழும்பியது. பொம்பளைகள் வாளியையும் சாக்கையும் அங்கன்வாடிக்குப் பின்னால் எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நின்றார்கள். ஒவ்வொருத்தி முகத்திலும் சுண்ணாம்பு.

ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். வனத்துறை ஆபீசர் நரைத்த மீசை வைத்த ஆள். கழுத்தில் அளவு டேப்பை மாலை மாதிரி போட்டிருந்தார். இன்னொருவர் ரோட்டுக்காரர், கையில் சுருட்டிய வரைபடம். ஆபீசர் ஒவ்வொரு மரமாக நின்று நம்பரைப் படித்தார், சுற்றளவை அளந்தார், அருணாதேவியின் நோட்டில் பேனாவால் டிக் போட்டார். ஐந்தாம் மரத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. "மரத்துல என்னய்யா பேப்பரு?" என்றார். "குளிருக்குச் சார்" என்றார் செல்லப்பாண்டி. வேர்வை அவர் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. ஆபீசர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தார். அருணாதேவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

பதினாறுக்கு டிக் விழுந்தது. ஆபீசர் அடுத்த மரத்தைத் தாண்டிப் பதினேழுக்கு நடந்தார். ரோட்டுக்காரர் நின்று, வரைபடத்தைப் பிரித்து, அந்த மரத்துக்கு நேரே பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

"அய்யா!"

பாண்டிச்செல்வி ரோட்டின் நடுவில் வந்து நின்றுவிட்டாள். என்ன பேசுவது என்று ஒரு மணி நேரமாக மனசுக்குள் கோத்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இதையும் எழுதுங்கய்யா" என்று மட்டும் வந்தது.

"இது பட்ட மரம்மா."

"இல்லய்யா. காயைப் பாருங்க. தழையைப் பாருங்க."

"அது ஒரு கொப்புல இருக்கு. அடிமரத்தைப் பாரு, பாதிக்கு மேல கரி. ஒரு காத்துக்குத் தாங்காது. விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"வெட்டுறதுக்கு எங்க எஸ்டிமேட்ல இருக்குற மரம் சார் இது" என்றார் ரோட்டுக்காரர்.

"கம்பெனிக் கதவு வந்து விழுந்தப்பயே தாங்குச்சுய்யா" என்றாள் பாண்டிச்செல்வி. "காத்துக்கா தாங்காது?"

கதை தெரிந்த ஆறு பொம்பளைகளும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். ஆபீசர் டேப்பை விரலால் உருட்டிக்கொண்டே மரத்தைப் பார்த்தார், அங்கன்வாடியைப் பார்த்தார், காட்டுக்கு அப்பால் தெரிந்த கம்பெனியைப் பார்த்தார். "நான் எழுதணும்னா அந்தக் கரிஞ்ச பக்கத்துல உசுரு இருக்கணும்மா. காட்டு, பாக்கலாம்" என்றார்.

பாண்டிச்செல்வி மேற்குப் பக்கம் போனாள். அந்தப் பக்கம் செத்துப்போனது என்றுதான் எட்டு வருஷமாக அவளும் நினைத்திருந்தாள். கும்பிடுவதென்றாலும் கிழக்கே நின்றுதான் கும்பிடுவாள். கரியை நகத்தால் சுரண்டினாள். கறுப்புத்தான் வந்தது. கொஞ்சம் தள்ளிச் சுரண்டினாள். அங்கும் கறுப்பு. "விடும்மா" என்றார் ரோட்டுக்காரர். அவள் விடவில்லை. பிளந்த இடத்தின் ஓரத்தில், தழும்பு மாதிரி ஒரு பட்டை மடிந்து உள்நோக்கி வளர்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை. அதன் மேல் நகத்தை வைத்து அழுத்தி இழுத்தாள். ஈரமாக ஏதோ பட்டது. விரலை வெயிலில் நீட்டினாள். மருந்துத்தூள் ஏறி எத்தனை கழுவினாலும் போகாத அந்த வெள்ளி நிற நகத்துக்கடியில், பச்சையாக ஒரு கோடு.

அந்த விரலை அப்படியே ஆபீசரின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அதன் நுனியை அவளிடம் நீட்டினார்.

நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் மரத்தைச் சுற்றி நடந்தாள். கரியைத் தாண்டி, பிளவைத் தாண்டி, தழும்பைத் தாண்டி நடந்தாள். டேப் இரண்டு தரம் நழுவியது. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஆபீசர் கண்ணுக்குத் தெரியவில்லை. மரத்தோடு நெஞ்சை ஒட்டிக்கொண்டு டேப்பை எட்டின மட்டும் நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து ஒரு கை அதைப் பிடித்து இறுக்கி இழுத்தது.